பசிக் கணக்கு

கரிபா அணையில் தண்ணீர் இறங்கிய வருடம்
சோமா நகரில் மின்சாரம்
இரவு ஒரு மணிக்கு வந்து
நாலு மணிக்குக் கிளம்பிவிடும் விருந்தாளி.
சோள மாவு மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்.
மூன்று மாதச் சம்பளத்தை அடகு வைத்து
ஒரு சோலார் பலகை வாங்கினேன்.

"கூரைக்கு அப்புறம் ஏறலாம்" என்றான் சியாம்விசா.
"நோட்டை எடு.
வீட்டில் எது எது எவ்வளவு தின்னும், எழுது."

நான்கு பல்பு, ஒவ்வொன்றும் ஒன்பது வாட்,
ஐந்து மணி நேரம்: நூற்றெண்பது.
ரேடியோ நாற்பத்தெட்டு,
ஹமூங்கா கால்பந்து கேட்கும் நாளில் அதற்கு மேல்.
இஸ்திரிப் பெட்டி என்று எழுதியதும்
பேனாவைப் பிடுங்கினான்.
"இது ஒரு மணி நேரம் சுட்டால்
உன் பல்பு நாலும் ஐந்து ராத்திரி பட்டினி."
அடித்தேன்.
பிரிட்ஜை நானே அடித்தேன்,
அவன் பார்ப்பதற்குள்.

இருநூறு வாட் பலகை, ஐந்து மணி நேர நல்ல வெயில்,
காகிதத்தில் ஆயிரம்.
"கைக்கு வருவது எழுநூறு.
சூடு கொஞ்சம் தின்னும், தூசி கொஞ்சம், கம்பி கொஞ்சம்."
இது எனக்குப் புரிந்தது.
நூறு கிலோ சோளத்துக்கு நூறு கிலோ மாவு
எந்த மில்லும் தந்ததில்லை.

லைப்சிக்கிலிருந்து தம்பி அனுப்பிய கையேட்டில்
பலகையைத் தெற்கே திருப்பு என்றிருந்தது.
ஏணியில் நின்றபடி ஹமூங்கா
அப்படியே திருப்பி, ஆணியும் அடித்துவிட்டான்.
சியாம்விசா சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறின.
"அது அவர்கள் ஊர்ச் சூரியன், ஐயா!
நம்முடையது வடக்கே சாய்ந்து போகிறது."

நாற்பத்தோரு வயதில்
முதல்முறையாக என் நிழலைப் பார்த்தேன்.
ஜூன் மாத உச்சிவேளை.
காலடியிலிருந்து தெற்கே நீண்டு கிடந்தது,
இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டே.

மூன்று மணிக்கு இன்னொரு நிழல் வந்தது,
ஹச்சிபூகாவின் அவகாடோ மரம்.
ஒரு மூலையில் விழுந்தாலே போதும்,
மொத்தப் பலகைக்கும் மூச்சு முட்டுமாம்.
எனக்கும் அவருக்கும் ஆறு வருட வேலித் தகராறு.
போய் நின்றேன். சொன்னேன்.
பதில் சொல்லாமல் உள்ளே போனவர்
ரம்பத்தோடு வந்தார்.
கிளை விழுந்ததும்
சட்டையில் கை துடைத்து, தன் போனை
என் உள்ளங்கையில் வைத்தார்.
சார்ஜரும் வைத்தார்.

முதலில் பேட்டரியை இணை, பிறகுதான் பலகை.
கழற்றும்போது தலைகீழ்.
பாதிக்குக் கீழே பேட்டரியை இறக்காதே.
இதை மட்டும் சுவரில் கரியால் எழுதிவைத்தேன்.

விளக்கு எரிந்தது.
எரிந்ததும் முதலில் தெரிந்தது
ஜன்னலுக்கு மேலிருந்த விரிசல்,
அடுத்தது, தெரு முழுக்க இருட்டில் இருக்க
நாங்கள் மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி
சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
திரையை இழுத்தேன்.
இழுத்த பிறகும் தெரிந்திருக்கும்.

மறுவாரம் மேஜைமேல் பதினொரு போன்.
நோட்டில் புது வரி சேர்த்தேன்,
பிறத்தியார், நூற்றுப் பத்து.
வெளிச்சத்துக்கு வாங்கிய பலகை
தெருவின் குரல்களை எல்லாம்
என் வீட்டில் கொண்டுவந்து கட்டிப்போட்டது.
கடன்காரன் கூப்பிடுவான். யாரோ ஒருத்தி
கூப்பிட்டு, என் மூச்சைக் கேட்டு, வைத்துவிடுவாள்.
"அவர் அவர் வீட்டில் இருக்கிறார்,
அவர் போன் இங்கே இருக்கிறது" என்று
எத்தனை முறை சொல்வது?

நேற்றிரவு பதினொன்றரைக்கு
ஹச்சிபூகாவின் போன் அடித்தது.
திரையில் 'மகள்' என்றிருந்தது.
இரண்டு வருடமாக அவள் பேச்சே இல்லை என்று
தெருவுக்கே தெரியும்.
எடுக்கவில்லை. அணைக்கவுமில்லை.
வயரை உருவி, செருப்பில்லாமல்
வெட்டிய கிளையைத் தாண்டி,
அடிக்கும் போனை விளக்காய்ப் பிடித்து ஓடினேன்.
கதவு தட்டுவதற்குள் நின்றுவிடக் கூடாது.
நிற்கவில்லை.

வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்,
போன் இன்னும் பாதிகூட ஏறவில்லை என்று
சொல்லிவிட்டுப் போகலாமென.
சொல்லவில்லை.
முப்பத்தெட்டு விழுக்காடு.
போதுமா தெரியாது.
உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார்.